எதிர்வீட்டு இருமல்

எங்கள் நண்டோடைக்குப்பத்துக்கு ‘மாநகரத்திலேயே மிக ஆரோக்கியமான பகுதி’ என்று விருது அறிவித்த அன்று, குப்பமே சேர்ந்து சிரித்தது. சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. அந்த இருமலின் வேகத்தில் கரையில் கிடந்த நாலு படகு தானாகக் கடலில் இறங்கிவிட்டது. மிகை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். சரி, மூன்று படகு. அதற்குக் கீழே இறங்க என் தொழில் தர்மம் இடம் கொடுக்காது.

என் பெயர் தணிகாசலம். ஆனால் ‘மைக்கு’ வீடு எது என்று கேளுங்கள், தெருநாய்கூட வழி காட்டும். மீசை முளைத்த நாளிலிருந்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வட சென்னை முழுக்கக் கத்தியவன் நான். எல்லாக் கட்சிக்கும் கத்தியிருக்கிறேன். பட்டுச் சேலைத் தள்ளுபடிக்கும், சர்க்கஸுக்கும், காணாமல் போன வெள்ளாட்டுக்கும் ஒரே உருக்கத்தோடு கத்தியிருக்கிறேன். முப்பது பேர் நிற்கிற திடலைப் பார்த்து ‘அலைகடலெனத் திரண்டிருக்கும்’ என்று சொல்லும்போது என் குரல் ஒரு நாளும் நடுங்கியதில்லை. பிறகு தானாக ஓடித் தானாகப் பேசுகிற வண்டிகள் வந்தன. எனக்கு ஓய்வு வந்தது. பாவம், அந்த வண்டிகளுக்குக் கற்பனை போதாது. ஒரு தேர்தலில் ‘பன்னிரண்டு பேர் திரண்டிருக்கிறார்கள்’ என்று உண்மையைச் சொல்லி, ஒரு வேட்பாளரின் வாழ்க்கையையே முடித்துவைத்தது ஒரு வண்டி.

எங்கள் குப்பத்துக்கு வடக்கே அனல்மின் நிலையத்தின் மூன்று புகைபோக்கிகள் நிற்கின்றன. மூத்த மாமன், நடு மாமன், சின்ன மாமன் என்று பெயர் வைத்திருக்கிறோம். தாய்மாமன் என்றால் வெறுங்கையோடு வரக்கூடாதல்லவா? இவர்கள் தினமும் சீர் கொண்டுவருவார்கள். காயப்போட்ட கருவாட்டின் மேல், துவைத்துப் போட்ட வேட்டியின் மேல், தூளியில் தூங்குகிற குழந்தையின் இமை மேல், சாம்பல் சாம்பலாகச் சீர்.

முன்பெல்லாம் காற்று போன பக்கம் புகை போகும். ஒரு நாள் எங்களுக்கு, ஒரு நாள் அடுத்த ஊருக்கு, ஒரு நாள் கடலுக்கு. காற்று யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. பிறகு காற்றுத்திருப்பிகளை நட்டார்கள். பனைமரத்தின் மேல் பனைமரமாகப் பத்து மரத்தை நிறுத்திய உயரம், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெரிய விசிறி. அது சுற்ற ஆரம்பித்தால் எங்கள் ஊர்க் காக்கைகள் பின்பக்கமாகப் பறக்கும். இப்போது புகையை மாநகரத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அனுப்பலாம். யார் பக்கம் அனுப்புவது? அதை முடிவு செய்ய ஒரு காற்றுப் பங்கீட்டு வாரியம். வாரியத்துக்குக் கைகொடுக்க ஓர் இயந்திர மூளை. அதற்குத் தென்றல் என்று பெயர். பெயர் வைப்பதில் மட்டும் நம்மை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

காலையில் தென்றல் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடும்.

“வணக்கம். நான் தென்றல் பேசுகிறேன். இன்று உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?”

பனங்கற்கண்டு போட்ட பால் மாதிரிக் குரல். யாரோ ஒரு பெண்பிள்ளை, முன்பின் தெரியாதவள், தானாகக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறாள். அவளிடம் போய் யாராவது சளியையும் சீழையும் கொட்டுவார்களா? எங்கள் குப்பத்தில் நோவை வெளியாளிடம் சொல்வது வழக்கமில்லை. வந்தவரைச் சாப்பிடச் சொல்வதுதான் வழக்கம். அதனால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்:

“நல்லாக்கீறோம்மா. நீ துன்னியா?”

என் பெண்சாதி அஞ்சலாட்சி இன்னும் ஒரு படி மேலே போவாள். “நல்லாக்கீறேன் கண்ணு. உன் குரலு ஏன் டல்லாக்கீது? வேலை ஜாஸ்தியா? ஒரு எட்டு வந்துட்டுப் போ, வஞ்சிரம் வறுத்துத் தரேன்” என்பாள்.

அஞ்சலாட்சி மீன் ஏலம் விடுகிறவள். அவள் கரையில் நின்று ‘ஒருதரம்’ என்றால் அந்தமானில் ஒருவன் கை தூக்குவான். வாலிபத்தில் என் ஒலிபெருக்கிக்கும் அவள் வெறுந்தொண்டைக்கும் நடந்த போட்டியில் என் ஒலிபெருக்கி கிழிந்தது. அன்றே நான் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டேன். அவள் சம்மதிக்க இரண்டு வருஷம் ஆனது.

அந்தத் தொண்டை இப்போது ‘ஒருதரம், ரெண்டுதரம்’ வரை வரும். அதற்குப் பிறகு நின்றுவிடும். தோள் இரண்டும் ஏறி இறங்கும். மூச்சு வாங்கி முடித்துத்தான் ‘மூணுதரம்’ வரும். அந்த இடைவெளியில் வியாபாரிகள், ‘அக்கா காத்திருக்காங்க, இன்னும் ஏத்தச் சொல்றாங்க’ என்று நினைத்து விலையை ஏற்றிவிடுவார்கள். படகுக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

“பாத்தியாய்யா, எனக்கு இருமலு வந்தப்புறம்தான் ஏலத்துக்கே ராசி” என்பாள் என்னிடம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

குப்பத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் ராசியை வேறு மாதிரிப் பார்த்தார். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பெரியவரே, இந்தக் காத்துல இவங்க இன்னொரு வருஷம் தாங்க மாட்டாங்க. மழைக்காலத்துக்கு முன்னாடி இடம் மாத்திடுங்க. உள்நாட்டுப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்களா?”

இருக்கிறாள். அரக்கோணத்தில் கொழுந்தியாள். அஞ்சலாட்சியிடம் சொன்னேன்.

“கடலு இல்லாத ஊர்ல நான் இன்னாத்தய்யா ஏலம் வுடுவேன், கொய்யாப்பழத்தயா?” என்றாள். சிரித்தாள். அன்று ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினாள். படுத்தால் மூச்சு வரவில்லை. அதை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் குறட்டை விட்டு ஒத்துழைத்தேன்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் விருது வந்தது.

விருதைக் கொண்டுவந்தவள் வாரியத்தின் பொறியாளர், பெயர் இளவெயினி. சின்னப் பெண். கையில் பளபளவென்று ஒரு கேடயம், எங்கள் வீட்டுத் தாம்பாளத்தைவிடப் பெரிது. ஏலக்கூடத்தில் பந்தல் போட்டோம். என் பழைய மைக்கைத் தூசு தட்டினேன். “லட்சோப லட்சம் ஆரோக்கிய நெஞ்சங்களே!” என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒருவர் இருமினார். அவர் பக்கத்தில் இன்னொருவர். அப்புறம் மழை பிடித்த மாதிரிப் பந்தல் முழுக்கப் பிடித்துக்கொண்டது. இளவெயினி கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவளும் இருமினாள்.

“ஐயா,” என்றாள் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “நான் சரியான ஊருக்குத்தானே வந்திருக்கேன்?”

அஞ்சலாட்சி அவளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தூதுவளை ரசம் கொடுத்தாள். எதிர்வீட்டுக் குணவதி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குணவதிக்கும் அஞ்சலாட்சிக்கும் பேச்சு கிடையாது. எதற்காகச் சண்டை என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. ஆனால் சண்டையை மட்டும் ஒழுங்காகப் பராமரித்து வந்தார்கள்.

“உங்க ஊர்ல யாருமே உடம்பு சரியில்லைன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே,” என்றாள் இளவெயினி ரசத்தை ஊதிக்கொண்டே. “தென்றல் கேட்டா எல்லாரும் நல்லா இருக்கோம்னுதான் சொல்றீங்க. அதனாலதான் விருது.”

“மரியாதைக்குச் சொல்றதும்மா அது,” என்றேன்.

“அதுக்குத் தெரியாதே! குறைந்த பாதிப்புன்னு ஒரு விதி. புகையை யாருக்குக் குறைவா கஷ்டமோ அவங்க பக்கம் அனுப்பணும். நியாயமாத்தான் எழுதினாங்க. தெற்கே சோலைவனக் கோபுரங்கள் இருக்கே, நான் அங்கதான் குடியிருக்கேன். அங்க ஒருத்தர் பால்கனித் துளசியில தூசின்னு சொல்வாரு. ஒருத்தர் மூக்கு லேசா அரிக்குதுன்னு சொல்வாரு. தென்றல் அதையெல்லாம் கூட்டிப் பார்க்கும். இந்தப் பக்கம் பார்த்தா எல்லாரும் நல்லா இருக்காங்க, அதுக்கு மேல தென்றலைச் சாப்பிடக் கூப்பிடுறாங்க. அப்போ…”

“அப்போ எல்லாத்தயும் இங்கியே அனுப்பிடுச்சா?” என்றாள் அஞ்சலாட்சி.

“நீங்க நல்லா இருக்கோம்னு சொல்லச் சொல்ல, இன்னும் கொஞ்சம்.”

அஞ்சலாட்சி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“காத்துல என்னா கீதுன்னு அளக்க மெஷின் கிடையாதா?” என்றேன்.

“இருக்கு. ஆனா அளவு காட்டினா எல்லாருக்கும் ஒரே அளவா பிரிக்கணும்னு வரும். அது சில பேருக்குப் பிடிக்கல. கருவி என்ன கருவி, மக்கள் குரல்தான் முக்கியம்னு சொல்லிட்டாங்க.”

“ஆஸ்பத்திரி கணக்கு?”

“நீங்க யாரும் ஆஸ்பத்திரிக்குப் போறதே இல்லையே ஐயா.”

“போனா ஒரு நாள் கடலு போச்சே,” என்றாள் அஞ்சலாட்சி.

எனக்கு இரத்தம் கொதித்தது. கொதித்த கொதிப்பில் அந்த ரசத்தை மறுபடி சூடாக்கியிருக்கலாம். “இவங்க சொல்லல, சரி. நான் தெனமும் சொல்றேனே! என் இருமல்ல கலங்கரை விளக்கம் சாயுது, நான் தும்மினா துறைமுகத்துல கப்பல் கரை ஒதுங்குதுன்னு தெனமும் சொல்றேனே!”

இளவெயினி தன் கைக்கருவியைத் தட்டிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“உங்களைத் தென்றல் ‘மிகைப் பேச்சாளர்’னு குறிச்சு வச்சிருக்கு. நீங்க என்ன சொன்னாலும் மதிப்பு பூஜ்யம்.”

அஞ்சலாட்சி சிரித்த சிரிப்பில் அவளுக்கு மூச்சு அடைத்து, முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று. “மெஷினுக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சுய்யா உன் பவுசு!”

மறுநாளே நான் குப்பத்துக்குப் புலம்பப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். ஏலக்கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, நோவை எப்படி நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வது என்று செய்து காட்டினேன். நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ரொம்ப நன்றாக. அடுத்த காலை தென்றல் கூப்பிட்டபோது, ஒரு வலைக்காரர் தன் நுரையீரலை நண்டு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார். இன்னொருவர் தான் இறந்து வெகுநாளாகிறது என்று தெரிவித்தார். மதியத்துக்குள் குப்பத்தில் பாதி மிகைப் பேச்சாளர் ஆனது. புகை கொஞ்சம் கூடியது.

மீதிப் பேர் அதுவும் செய்யவில்லை. போனை எடுத்ததும் வாய் பழக்கத்தில் “நல்லாக்கீறோம், துன்னியா?” என்றுவிட்டார்கள். அவர்களில் முதல் ஆள் என் பெண்சாதி.

“ஒரு தபா சொல்லேன் அஞ்சலா, மூச்சு வாங்குதுன்னு!”

“அந்தப் பொண்ணுகிட்டயா? அது பாவம், ஊருக்கெல்லாம் போன் போட்டுக்கினு கீது. அத்தப் போயி அழ வுடணுமா?”

இளவெயினி மறுபடியும் வந்தாள், இந்தமுறை கேடயம் இல்லாமல். வாசலில் நின்று போகிற வருகிறவர்களை நேரிலேயே கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் தங்களுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியாகக் குணவதி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள்.

“அக்கா, உங்களுக்கு உடம்பு எப்படி?”

“எனக்கின்னா, கல்லு மாரி கீறேன்,” என்று சொல்லிவிட்டுக் குணவதி இருமினாள். பிறகு குடத்தை இறக்கி வைத்தாள். எங்கள் வீட்டுப் பக்கம் மோவாயைக் காட்டினாள். குரலைத் தாழ்த்தினாள், தெருக்கோடி வரை கேட்கும்படி. “என்னிய ஏன் கேக்குற? தோ, அங்க கீறாளே மகராணி, அவள கேளு. ராத்திரி படுக்குறதே இல்ல. செவுத்துல சாஞ்சுக்கினு குந்தியே தூங்குறா. போன அம்மாசைலருந்து படி ஏறச்சொல்லோ ரெண்டு தபா நிக்கிறா. முன்ன ஒரு தபாதான். காலு வீங்கிக் கீது, பொடவையை எறக்கிக் கட்டி மறைக்கிறா. மூஞ்சி வெளுத்துப்போச்சு, மஞ்சள அப்பிக்கிறா. எங்களுக்குப் பேச்சு கெடையாது, எனக்கு ஒண்ணும் தெரியாது.”

இளவெயினி வாய் பிளந்து நின்றாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய், “உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டாள். திறந்தது மடை! தன் நோவைப் பற்றி ஒரு சொல் சொல்லாத ஜனம், பக்கத்து வீட்டு நோவை நாடி பிடித்த வைத்தியன் மாதிரிச் சொன்னது. யார் குழந்தைக்கு எப்போது இளைப்பு வந்தது, யார் சளியில் என்ன நிறம், யார் வலை இழுக்கும்போது எந்த இடத்தில் நிறுத்துகிறார். மிகை கிடையாது. அடுத்தவன் வீட்டு விஷயத்தில் தப்பாகச் சொன்னால் நாளைக்குச் சண்டைக்கு வருவான் என்ற பயம் இருக்கிறதல்லவா? அதனால் அத்தனையும் சுத்தமான உண்மை.

“ஐயா,” என்றாள் இளவெயினி, கண் மின்ன. “விதியை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா தென்றல் கேக்குற கேள்வியை மாத்திப் பரீட்சை பண்ண அதிகாரம் இருக்கு. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்காம, உங்க அக்கம்பக்கத்துல யார் எப்படி இருக்காங்கன்னு கேக்கச் சொல்றேன். ரெண்டு பேர் தனித்தனியா ஒரே விஷயத்தைச் சொன்னா, அவங்க மிகைப் பேச்சாளரா இருந்தாலும் அதை உண்மைன்னு எடுத்துக்கச் சொல்றேன்.”

“ஷோக்கா கீதும்மா!”

“ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பகுதியிலயும் இதே கேள்வியைக் கேக்கணும். அது சட்டம்.” கைக்கருவியை எடுத்தாள். “சோலைவனக் கோபுரங்களை எழுதப்போறேன்.”

“நீ குடியிருக்கிற எடமாச்சே!”

“அதனாலதான் ஐயா. வேற யார் வீட்டை எழுத எனக்கு உரிமை இருக்கு?”

அடுத்த காலை போன் அடித்தது. அஞ்சலாட்சி ஏலத்துக்குப் போயிருந்தாள். நான் எடுத்தேன்.

“வணக்கம். நான் தென்றல் பேசுகிறேன். உங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள்?”

நாற்பது வருஷத்துக் கலை மொத்தமும் நாக்கில் வந்து நின்றது. அவள் இருமினால் வானத்தில் ஓட்டை விழுகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“எம் பொஞ்சாதி உக்காந்துக்கினே தூங்குறாம்மா,” என்றேன். “படுத்தா மூச்சு வரல.”

வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சின்ன அறிவிப்பு அதுதான். இரண்டே வரி. கைதட்டல் இல்லை.

“நன்றி. இதே தகவலை இன்னொருவரும் சொல்லியிருக்கிறார். ஏற்றுக்கொள்ளப்பட்டது,” என்றது தென்றல்.

எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். குணவதி போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலையே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் படாரென்று ஜன்னலைச் சாத்தினாள்.

கோபுரங்களில் என்ன நடந்தது என்று இளவெயினி பிறகு சொன்னாள். அங்கேயும் அதே கேள்வி. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “பக்கத்து வீடா? தெரியாதே. யார் இருக்காங்கன்னே தெரியாது.” துளசியையும் மூக்கு அரிப்பையும் தென்றல் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டைப் பற்றி யாருக்கும் ஒரு வார்த்தை தெரியவில்லை. ஆகவே கஷ்டம் பூஜ்யம்.

அன்று சாயங்காலம் காற்றுத்திருப்பிகள் முனகின. மெதுவாக, மாடு தலை திருப்புவது போலத் தெற்கே திரும்பின. மூன்று மாமன்களின் புகையும் எங்கள் தலைக்கு மேலே எழும்பி, வளைந்து, கோபுரங்களை நோக்கிப் போனது. எங்கள் வானத்துக்கு நீல நிறம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. குப்பத்தில் பட்டாசு வெடித்தார்கள். பட்டாசுப் புகையில் இரண்டு பேர் இருமினார்கள். அவர்களைக் கடலில் தள்ளப் போனோம்.

அஞ்சலாட்சி அந்த வாரம் சுவரைவிட்டு நகர்ந்து தலையணைக்கு வந்தாள். முதலில் மூன்று தலையணை, பிறகு இரண்டு. நான் ஆட்டம் போட்டேன்.

“அனுபவிக்கட்டும் அந்தத் துளசிச் செடிக்காரனுங்க! இத்தினி வருசம் நம்ம துன்ன சாம்பல அவனுங்க ஒரு மாசம் துன்னா இன்னா?”

அவள் ஆடவில்லை.

“யோவ், அங்க யாரு சோறு ஆக்குறா? குணவதி. அவ பொண்ணு யாரு வூட்டுக் கொழந்தைய தூக்கி வச்சிக்கினு கீறா? இந்தத் தெருவுல பாதிப் பொம்பளைங்க அங்கதான் காலைலருந்து சாயங்காலம் வரிக்கும் கீறாங்க. கொழந்தைக்கு இன்னாய்யா தெரியும் துளசியும் தூசியும்? அந்தத் தென்றலு பொண்ணு ‘அக்கம்பக்கம்’னுதான கேக்குது? குணவதிக்குப் பாதி நாளு அதான அக்கம்பக்கம்?”

சொன்னவள் எழுந்தாள். தெருவைக் கடந்தாள். குணவதி வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தெருவே பிடித்துக்கொண்டது.

“ஏய், குணவதி.”

உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. பிறகு: “இன்னா?”

“நாளைக்குப் போனு வந்தா, நீ ஆக்கிப்போடுற வூட்டு ஆளுங்களப் பத்தியும் சொல்லு. ஒன்ன மாரி அடுத்த வூட்டு சமாச்சாரம் இந்த மெட்ராஸ்ல எவளுக்குத் தெரியும்?”

“திட்றியா, புகழ்றியா?”

“ரெண்டுந்தான்.”

கதவு திறந்தது. அன்று அவர்கள் இரண்டு பேரும் பேசியது பாக்கி வைத்திருந்த அத்தனை வருஷத்துப் பேச்சு. கிழக்கே கடல் இரண்டு அடி பின்வாங்கி நின்று கேட்டது. இதில் மிகை இல்லை, அது கடல் உள்வாங்குகிற வற்ற நேரம்.

மறுநாள் முதல் எங்கள் பெண்கள் சொன்னார்கள். பதினெட்டாவது மாடிக் குழந்தைக்கு இளைப்பு, ராத்திரி மார்பு கிண்கிண் என்கிறது. ஆறாவது மாடித் தாத்தா இரண்டு நாளாக நடை போகவில்லை. துளசிச் செடிக்காரர் ஒண்டிக்கட்டை, இருமினால் தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஆளில்லை. சமையல் செய்கிறவள் ஒன்று சொல்ல, பெருக்குகிறவள் அதையே சொல்ல, இரண்டு வாய் சேர்ந்து எல்லாம் உண்மையாயிற்று. விஷயம் பரவி வேறு பகுதிகளும் இந்தக் கேள்வியைக் கேட்டு வாங்கின. மாநகரத்தில் எங்கள் பெண்கள் வேலைக்குப் போகாத தெரு எது? அவர்களுக்குத் தெரியாத இருமல் எது?

பத்துப் பதினைந்து நாள் கழித்து இளவெயினி ஓடிவந்தாள். மூச்சிரைத்தது. ஆனால் அது ஓடியதால்.

“ஐயா! தென்றல் நேத்து சாயங்காலம் ஒரு பதில் கொடுத்திருக்கு. இதுவரைக்கும் அது அப்படிச் சொன்னதே இல்லை. வாரியத்துல எல்லாரும் திரையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க.”

“இன்னான்னு?”

“‘அனுப்ப இடமில்லை.’ அவ்வளவுதான். எந்தப் பக்கம் திருப்பினாலும் யாரோ ஒருத்தருக்காக யாரோ ரெண்டு பேர் பேசுறாங்களாம். இடமே இல்லையாம். அனுப்ப இடம் இல்லைன்னா உலையைக் குறைக்கணும், சுத்திகரிப்புக் கருவி மாட்டுற வரைக்கும். அதுவும் அந்த விதியிலேயே இருக்கு, கடைசி வரியில. அங்க வரைக்கும் யாரும் போய்ப் பார்த்ததே இல்லை!”

அத்தனை வருஷமாக முடியாது, இடிந்துவிடும், நஷ்டம் என்று நிலையத்துக்காரர்கள் சொல்லிவந்த கருவிகளை மூன்று மாமன்களின் தலையிலும் மழைக்காலத்துக்கு முன்பே மாட்டிவிட்டார்கள். தொப்பி போட்ட மாப்பிள்ளைகள் மாதிரி நிற்கிறார்கள்.

இளவெயினி ரசம் குடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். “எங்க பதினாலாவது மாடியில என்னைப் பத்தி யாரும் எதுவும் சொல்லல. குணவதி அக்கா மட்டும் சொல்லியிருக்காங்க. எதிர்வீட்டுல சமைக்க வருவாங்களாம். ‘அங்க ஒரு பொண்ணு தனியா கீது, ராத்திரி இருமிக்கினே வேலை செய்யுது’ன்னு. எனக்கு அவங்க அங்க வர்றதே தெரியாது.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினாள். “ஐயா, உங்களைப் பத்தியும் ஒரு தகவல் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கு.”

“என்னைப் பத்தியா? கலங்கரை விளக்கம் சாஞ்சதா?”

“இல்ல. ‘எம் வூட்டுக்காரு துண்ட அவரே தொவைச்சுக்கிறாரு. ரத்தக் கறை. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறாரு. கண்டதையும் பெருசா கத்திக்கினு கீறதே இத்த மறைக்கத்தான்.’ ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க.”

நான் திரும்பினேன். அஞ்சலாட்சி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள், தனக்கு இதில் சம்பந்தமே இல்லாதது போல. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், ஒரு பக்கம் பெண்சாதி, ஒரு பக்கம் குணவதி. தொண்டையில் சாம்பல் அரித்த புண். ஆறுகிற புண்தான், ஆனால் இரண்டு மாதம் வாயைத் திறக்கக்கூடாது என்றார் டாக்டர். குப்பம் அந்த இரண்டு மாதத்தைப் பொற்காலம் என்று இன்றைக்கும் சொல்கிறது.

அரக்கோணத்துக்கு யாரும் போகவில்லை. கொழுந்தியாள்தான் நண்டு தின்ன இங்கே வந்து போகிறாள். கேடயத்தைக் குழம்புச் சட்டிக்கு மூடியாகப் போட்டிருக்கிறோம், அளவு கச்சிதம்.

இன்று காலை ஏலக்கூடத்தில் நின்றேன். அஞ்சலாட்சி ஒரு பெரிய கொடுவாமீனைக் காட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, “ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம்!” என்றாள். ஒரே மூச்சு. விலை ஏற்ற வாய் திறந்த வியாபாரிகள் திறந்தபடியே நின்றார்கள்.

படகுக்காரர் ஒருவர் தலையைச் சொறிந்தார். “அக்கா, மூணாவது தரத்துக்கு முன்னால கொஞ்சம் இருமேன். எங்க பொழப்பு போவுது.”

“இரும மாட்டேன் போடா,” என்றாள் அவள். அதை அந்தமானில் கேட்டிருப்பார்கள்.